பால்கனியில் மேல் கம்பி அமுங்கிவிட்டது, சொல்லவா, விடவா?

கடலூரிலிருந்து 27 வயது சைட் சூப்பர்வைசர் ஒருவர் எழுதியிருக்கிறார். டிப்ளமோ சிவில் படித்தவர். ஊர், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

தேவனாம்பட்டினம் போகும் சாலையோரம் தரைதளமும் மாடியுமாக ஒரு வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 15 நாளுக்கு முன் தரைதளக் கூரைக்கு காங்கிரீட் போட்டார்கள். தெருப் பக்கம் 4 அடி நீட்டிய பால்கனி, 12 அடி நீளம், 5 அங்குல கனம். பாதி வேலையில் சிமெண்ட் குறைந்துவிட்டது. கான்ட்ராக்டர் போனில் சொன்னபடி இவர் மஞ்சக்குப்பம் போய் மூட்டை எடுத்து வருவதற்குள் பால்கனி முடிந்திருந்தது. அன்றிரவு, வேலையாள் ஒருவர் குரூப்பில் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பால்கனியின் மேல் கம்பிகள் மிதிபட்டு அமுங்கி, சென்ட்ரிங் பலகையை (காங்கிரீட் இறுகும் வரை கீழே தாங்கும் பலகை) ஒட்டிக் கிடக்கின்றன. மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பி ஒன்றுகூடக் கீழே இல்லை.

மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். "சென்ட்ரிங் பிரிச்சு நின்னுடுச்சுன்னா ஒண்ணும் இல்ல" என்று பதில். கான்ட்ராக்டர், "வீட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாது, கைப்பிடிச் சுவரைக் கட்டிப் பூசிடலாம்" என்கிறார். ஆசிரியரோ, வரும் மாசிமகத்துக்குக் குடும்பத்தோடு பால்கனியில் நின்று சாமி பார்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்ட்ரிங் பிரிக்க இன்னும் 6 நாள்.

கடிதத்தின் பின்பாதியில், போகிற போக்கில், இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். காங்கிரீட்டுக்கு முந்தின வாரம் சென்ட்ரிங் வேலை பார்க்கும் 19 வயதுப் பையன், "சார், இந்த முட்டு நிக்கிற மண்ணு இளகியிருக்கு" என்று சொன்னபோது, எல்லோர் முன்னாலும் "நீ இன்ஜினியரா, உன் வேலையைப் பாரு" என்று கத்தியிருக்கிறார். இரண்டு மாதம் முன்பு ஒரு சித்தாள் அக்கா சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது; கான்ட்ராக்டர் 5,000 ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டார். "அவங்க பேசிக்கிட்டே நடந்தாங்க, அவங்க தப்புதான்" என்கிறார். அவர் கேட்பது மூன்று: சொன்னால் வேலை போகுமா? ஜெயிலுக்குப் போவேனா? இனிமேல் தப்பு நடக்காமல் இருக்க இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்ள வேண்டுமா?

தம்பி, இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் வீண் பயமில்லை. அது சரியான இடத்தைத்தான் காட்டுகிறது. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அழித்துவிடுகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. நீங்கள் அழிக்கவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

நின்றுவிட்டால் சரி என்பது தவறு

அறைக்கு மேல் இருக்கும் ஸ்லாப் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் அடிப்பக்கம் இழுபடும், கம்பி கீழே இருக்கும். வெளியே நீட்டிய பால்கனிக்கு எல்லாமே தலைகீழ். நுனி கீழே சாயப் பார்க்கும். சுவரை ஒட்டிய இடத்தில் மேல்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி மேலே கிடக்க வேண்டும். காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கம்பி அமுங்கியதால் எவ்வளவு பலம் போயிற்று என்று மட்டும் ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள்.

5 அங்குலம், அதாவது 125 மி.மீ. கனத்தில், மேலே 30 மி.மீ. கவர் (கம்பியை மூடும் காங்கிரீட்) விட்டு 10 மி.மீ. கம்பி கிடந்தால், அடியிலிருந்து கம்பியின் நடு வரை சுமார் 90 மி.மீ. பால்கனியின் பலம் ஏறக்குறைய இந்த அளவைப் பொறுத்தது. கம்பி நடுவுக்கு இறங்கினால் 60 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று. உங்கள் படத்தில் இருப்பதுபோல் பலகையை ஒட்டிக் கிடந்தால் 30கூட இருக்காது. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த அளவில் பால்கனி தன் சொந்த எடையான ஒன்றேகால் டன்னுக்கு மேற்பட்டதை ஒருவேளை தாங்கி நிற்கலாம். மேஸ்திரி சொல்லும் 'நின்னுடுச்சு' அதுதான். அதன் மேல் நுனியில் 3 அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவர் வந்தால், பூச்சோடு சேர்த்து முக்கால் டன்னுக்குக் குறையாது. குறையை மறைக்கக் கட்டச் சொல்லும் அதே சுவர்தான் பால்கனிக்கு மிக மோசமான இடத்தில் பாரம் ஏற்றுகிறது.

அப்புறம் மாசிமகம். வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ ஆள் பாரம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி. உங்கள் பால்கனிக்கு அது 1,300 கிலோ சொச்சம், அதாவது 20 பேர். இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். தீர்த்தவாரிக்குச் சாமி தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் நாளில் அந்தத் தெருவில் எந்தப் பால்கனியில் 20 பேர் இல்லாமல் இருக்கிறார்கள்? அதுவும் குழந்தைகளோடு, எல்லோரும் நுனியில்.

அறை ஸ்லாப் கெட்டுப்போனால் தொய்யும், விரிசல் விடும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். மேல் கம்பி இல்லாத பால்கனியும் சன்ஷேடும் அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. சுவரோரம் ஒரே கோடாகப் பிளந்து மடங்கிவிடும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடம் விழவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் நின்றுகொண்டுதான் இருந்தது. அதையும் பாதுகாப்பில்லை என்று 2016 நவம்பரில் வெடி வைத்து இடித்தார்கள்.

கியூப் டெஸ்ட் நன்றாக வந்தது என்று ஆறுதல் தேடுகிறீர்கள். கியூப் காங்கிரீட்டின் தரத்தைச் சொல்லும். கம்பி எங்கே கிடக்கிறது என்று அது சொல்லாது.

இப்போது என்ன செய்யலாம்

முதல் வேலை, பால்கனியின் முட்டுகளை யாரும் தொடக் கூடாது. 21 நாள் ஆனாலும், 28 நாள் ஆனாலும். உள் அறைகளின் சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பால்கனி மேல் செங்கல், மணல் எதையும் அடுக்க வேண்டாம்.

இரண்டாவது, கவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காங்கிரீட்டை உடைக்காமலே காட்டும் கருவி அது. பெரிய வேலை எடுக்கும் டெஸ்டிங் லேப்களில் கிடைக்கும். பார்க்கும்போது பால்கனியோடு நிறுத்தாதீர்கள். நடுச் சுவர்களுக்கு மேலே போட்ட எக்ஸ்ட்ரா கம்பிகளும் அன்று மிதிபட்டிருக்கலாம். அங்கே ஆபத்து குறைவு, தரையில் விரிசல் வரும். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் காட்டுவது உண்மை என்றால், என் அபிப்பிராயம் ஒளிவுமறைவில்லாமல் இதுதான்: பால்கனியை மட்டும் உடைத்து மறுபடி போடுங்கள். கணக்குப் பார்த்தால் அது அரை கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட காங்கிரீட், நாலைந்து மூட்டை சிமெண்ட். உடைக்கும் கூலியும் கொஞ்சம் கம்பியும் சேரும். இதற்காகவா ஒரு குடும்பத்தைப் பலி கொடுக்கத் துணிகிறோம் என்று கான்ட்ராக்டரும் ஒரு நிமிடம் யோசிப்பார். மறுபடி போடும்போது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கடலோர விதியையும் கேளுங்கள். உப்புக்காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 சொல்வது 45 மி.மீ. கவரும், குறைந்தது எம்30 தரக் காங்கிரீட்டும். 5 அங்குலத்தில் அது அடங்காது, கனத்தைக் கூட்ட வேண்டிவரும். தண்ணீர் போர்வெல்லிலிருந்து எடுத்ததா என்றும் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஆகாது. கடலை ஒட்டிய போர்வெல்லில் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம்.

நுனியில் இரண்டு தூண் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசனை மோசமில்லை. இரு பக்கமும் தாங்கல் கிடைத்தால் கீழே கிடக்கும் கம்பி அங்கே உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அந்தத் தூணுக்கு அஸ்திவாரம் வேண்டும், தெருவோரம் விட வேண்டிய இடம் வேண்டும், கணக்குப் போட்டு ஓர் இன்ஜினியர் கையெழுத்தும் வேண்டும். நாமாக ஒரு பைப்பை நிறுத்தி வைப்பது தீர்வாகாது. பாரம் ஏற்றிச் சோதிக்கும் லோடு டெஸ்ட்டும் உண்டு. காங்கிரீட் போட்டு 28 நாள் ஆன பிறகுதான் செய்வார்கள். கம்பி கீழே கிடக்கிறது என்று தெரிந்த ஒரு நீட்டல் பால்கனிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சோதிக்கும்போதே விழக்கூடியது.

வேலை போகுமா, ஜெயில் வருமா

நான் வக்கீல் இல்லை. 30 வருடம் சைட்டில் இருந்ததில் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

"நான் வெறும் சூப்பர்வைசர், பொறுப்பு கான்ட்ராக்டருடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டிய கடமை யாரிடம் இருந்ததோ அவர் எல்லோரையும் சட்டம் பார்க்கும். அலட்சியத்தால் மரணம் ஏற்பட்டால் இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் 5 வருடம் வரை தண்டனை உண்டு. கட்டடம் விழக்கூடும் என்ற ஆபத்துக்கு எதிராகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலே, யாருக்கும் அடிபடாவிட்டாலும், 290-ம் பிரிவு இருக்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே மூடினார்கள் என்று வந்தால் விஷயம் இன்னும் கடுமையாகும். உங்கள் செல்போனில் தேதியோடு அந்தப் படம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சொன்னால் ஆபத்து, மறைத்தால் பத்திரம் என்றுதானே இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? சரியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இன்று இது நாலைந்து மூட்டை சிமெண்ட் விஷயம். யாருக்கும் அடிபடவில்லை. சரிசெய்ய முட்டுகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.

வேலை போகலாம். போகாது என்று உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் கான்ட்ராக்டருக்குத் தப்பிக்க ஒரு வழி வைத்துப் பேசினால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. நேரில் பேசிவிட்டு, வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "அண்ணே, மாடி பால்கனியில் மேல் கம்பி அமுங்கியது படத்தில் தெரிகிறது. அன்று நான் சைட்டில் இல்லாமல் போனதும் இதற்குக் காரணம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கும் வரை பால்கனி முட்டைப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் நீங்களே சொன்னால் நல்லது, நானும் கூட வருகிறேன்." மிரட்டல் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் பொறுங்கள். அவர் சொல்லவில்லை என்றால் நீங்களே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இதை ரகசியமாகச் செய்யாமல், சொல்லப்போகிறேன் என்று கான்ட்ராக்டரிடம் தெரிவித்துவிட்டே போங்கள்.

நானும் இதைக் கடந்து வந்தவன். 26 வயதில், பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு வீடு. நீளமான பீமுக்கு 14 நாள் வைக்க வேண்டிய முட்டைப் பத்தாம் நாளே பிரிக்கச் சொன்னேன், அடுத்த சைட்டுக்குப் பலகை தேவைப்பட்டதால். முட்டைத் தட்டிய ஆள், "சார், ரொம்ப இறுக்கமா இருக்கு, பாரம் இன்னும் இது மேலதான் உக்காந்திருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிரித்தோம், பீமில் மயிரிழை விரிசல்கள். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார், என் செலவில் சரிசெய்ய வைத்தார், பிறகு எனக்கு வேலை எதுவும் தரவில்லை. அந்த வழியாகப் போகும்போது இன்றும் அந்த வீட்டை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

அந்தப் பையன் பார்த்திருப்பான்

நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. காங்கிரீட் போடும்போது சென்ட்ரிங் ஆள் ஒருவர் பலகை, முட்டு பார்த்துக்கொண்டு கூடவே இருப்பார். அன்று பால்கனியோரம் இருந்தது அந்த 19 வயதுப் பையன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பி அமுங்கியதை அவன் பார்த்திருப்பான் என்றே நினைக்கிறேன். முந்தின வாரம் மண் இளகியிருக்கிறது என்று சொல்லி எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன், இந்த முறை வாயைத் திறப்பானா? அவன் மட்டும் இல்லை, அன்று நீங்கள் கத்தியதைக் கேட்ட அத்தனை பேரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். இன்னும் கண்டிப்பாக இருந்தால் தப்பு குறையுமா என்று கேட்டீர்களே, தப்பு குறையாது. உங்கள் காதுக்கு வருவதுதான் குறையும்.

அதனால் அவன் சொன்னது சரி என்று, அதே ஆட்கள் இருக்கும்போது சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். "அன்னைக்கு நீ சொன்னது சரி, நான் கத்தினது தப்பு. இனிமே எதுவா இருந்தாலும் சொல்லு, நான் நிறுத்திப் பார்ப்பேன்." அடுத்த முறை யாராவது ஒன்றைச் சொல்லி, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று ஆனாலும், "பார்த்தது நல்லது" என்றுதான் பதில் வர வேண்டும். அந்த இடத்தில் சிரித்தால்கூட எல்லாம் போயிற்று.

மற்றபடி வேலையில் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியும். காங்கிரீட் அன்று மிக்சர் ஓடத் தொடங்கும் முன் கம்பி கட்டியவர், சென்ட்ரிங்காரர், மேஸ்திரி மூவரும் உங்களோடு ஒரு சுற்று வரட்டும். மூவரும் சரி என்று வாயால் சொல்லட்டும். மேல் கம்பிக்கு மூன்று அடிக்கு ஒரு சேர் கம்பியாவது வையுங்கள். நடக்கப் பலகை போடுங்கள், கம்பி மேல் கால் படவே கூடாது. கம்பியைத் தூக்கிப் பார்க்க மட்டுமே ஓர் ஆள். சிமெண்ட்டை முந்தின நாளே எண்ணி வையுங்கள். காங்கிரீட் ஓடும்போது யார் போன் செய்தாலும் நீங்கள் சைட்டை விட்டுப் போகாதீர்கள்.

விழுந்த அக்காவுக்கு

பேசிக்கொண்டு நடப்பதும் கால் இடறுவதும் மனிதருக்கு இயல்பு. 9 அடி உயரத்தில் ஒற்றைப் பலகை, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கழிகூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பலகை இரண்டாக இருந்து இடுப்பளவில் ஒரு சவுக்குக் கழி கட்டியிருந்தால், அவர் பேசிக்கொண்டே நடந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு, தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகையும், கையில் நிரந்தரக் குறை இருந்தால் அதற்கு ஏற்ற இழப்பீடும் கேட்கலாம். 5,000 ரூபாய் வாங்கியதால் அந்த உரிமை போய்விடாது. தொழிலாளர் துறையில் 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் அவரையும் அந்தப் பையனையும் பதிவு செய்ய உதவுங்கள். விபத்து நடந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். அவருக்கு உங்கள் சாட்சி தேவைப்படலாம்.

முதலில் இன்று மாலை சைட்டுக்குப் போய், பால்கனி முட்டுகளைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டுங்கள். பிரிக்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஆசிரியர் தண்ணீர் விட வரும்போது இது எதற்கு என்று கேட்பார். இன்ஜினியர் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது, அதுவரை இதை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கவர் மீட்டர் பார்த்ததும் ரிப்போர்ட்டையும் கம்பி வரைபடத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்த அகலம் உடைக்க வேண்டும், உள்ளே எவ்வளவு தூரம் கம்பி போக வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.